எதிர்வீட்டுச் சாவி

"கிளிக்" என்று சத்தம் கேட்டதும் வாத்தியாருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அத்தனை பழைய பூட்டு இன்னும் வேலை செய்கிறதே என்ற சந்தோஷம். அது வேலை செய்திருப்பது தன்னுடைய வலது மணிக்கட்டில் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு அழகா மாட்டிக்கிச்சு!" என்றார் பூட்டு அருங்காட்சியகத்துப் பெரியவர். சொந்தப் பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்க்கிற முகம்.

"ரொம்ப அழகா இருக்குங்க. இப்ப எடுத்துடலாமா?"

"எடுக்கணும்னா சாவி வேணுமே."

"சாவியை எடுங்க."

"இங்க ஏது சாவி? வெளியில போர்டு பாக்கலையா? இது பூட்டு மியூசியம்."

வாத்தியார் தன் கையைப் பார்த்தார். அந்தக் காலத்தில் வங்கிப் பணத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுபோன சேவகர்கள் மாட்டிக்கொண்ட இரும்பு வளையம் அது. வளையத்தோடு சேர்ந்து ஒரு பூட்டு. பூட்டிலிருந்து முழ நீளத்துக்கு ஒரு சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் செங்கல் பருமனுக்கு ஓர் இரும்புப் பெட்டி. வழிப்பறிக்காரன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் சேவகரும் கூடவே ஓட வேண்டியதுதான். அதுதான் அந்தக் காலத்துப் பாதுகாப்பு.

அவர் உள்ளூர்க்காரர் இல்லை. தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவர். எந்த வகுப்புக்கு எந்த வேளையில் எந்தப் பாடம் என்று ஆண்டுதோறும் அட்டவணை போடுவதும் அவர் பொறுப்பு. அதனால் குடும்பத்தில் அவருக்கு 'டைம்டேபிள்' என்றே பெயர். அன்று மூன்று மணிக்கு இந்தப் பழைய நகரத்தின் பதிவு அலுவலகத்தில் அவருடைய தங்கை மகளுக்குப் பதிவுத் திருமணம். பெண் வீட்டுப் பக்கம் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

"மாமா, நீங்க மட்டும் சரியா வந்துடுங்க" என்று முதல் நாளே அவள் போனில் சொல்லியிருந்தாள். "அவரோட அம்மாவுக்கு நம்ம வீட்டு மேல நம்பிக்கையே இல்லை. அப்பன் விட்டுட்டுப் போன வீடு, பொறுப்பான ஆளுன்னு ஒருத்தராவது வந்து கையெழுத்துப் போட்டாத்தான் சம்மதம்னு சொல்லிட்டாங்க. நான் உங்களைத்தான் சொல்லி வெச்சிருக்கேன். எங்க மாமாவை விடப் பொறுப்பானவர் கிடையாதுன்னு."

பொறுப்பானவர் காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். மூன்று மணி வரை என்ன செய்வது? சதுக்கத்தில் இருக்கிற பெரிய அருங்காட்சியகத்தை அவர் முன்பே பார்த்திருக்கிறார். மாணவர்களை அழைத்துக்கொண்டு போனார். யாரும் தொலைந்துவிடக் கூடாதே என்று மாணவர்களின் தலைகளை எண்ணியதில் ஒரு சிலையைக்கூடப் பார்க்கவில்லை. இந்த முறை யாரும் போகாத இடங்களாகப் பார்ப்பது என்று முடிவு செய்து, பின்தெருக்களுக்குள் நுழைந்தார்.

முதலில் ஒரு தையல்கடை மாடியில் இருந்த பொத்தான் அருங்காட்சியகம். அங்கே இருந்த பெண்மணி அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் குறைவதைப் பார்த்து முகம் வாடிப் போனாள். அடுத்து, ஆயுள் முழுக்க ஒரே பாலத்தை வரைந்த ஓவியர் ஒருவரின் கூடம். சுவரெல்லாம் அந்தப் பாலம்தான். தண்ணீர் மட்டும் படத்துக்குப் படம் வேறு. இரண்டு இடத்திலும் பார்வையாளர் அவர் ஒருவர்தான். அதில்தான் சிக்கல். யாருமே வராத இடத்துக்கு வந்துவிட்ட ஒருவனுக்கு ஒரு கடமை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. வேகமாக நடந்தால் மனம் நோகுமோ, கேள்வி கேட்காவிட்டால் வருத்தப்படுவார்களோ என்று எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தார். அதனால்தான் பூட்டுக்காரப் பெரியவர், "கையை நீட்டுங்க, ஒண்ணு காட்டறேன்" என்றதும் நீட்டிவிட்டார். மறுப்புச் சொல்ல அவருக்கு எப்போதுமே வராது.

"அப்ப சாவி எங்க இருக்கு?"

பெரியவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே குறுகலான தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் இதே உயரத்தில், இதே பச்சைக் கதவோடு இன்னொரு வீடு. வாசலில் பலகை: சாவி அருங்காட்சியகம்.

"எதிர்வீட்டுல."

"சரி, ஒரு குரல் குடுங்களேன். கொண்டு வரட்டும்."

"அவன்கூட எனக்குப் பேச்சு கிடையாது."

"யாருங்க அவரு?"

"என் தம்பி."

பெரியவர் கண்ணாடிப் பெட்டி ஒன்றின் மேல் படிந்த தூசியைத் துண்டால் துடைத்தார். பிறகு, கேட்காமலேயே சொன்னார்.

"எல்லாம் எங்கப்பா சேத்தது. அவர் போனதும் பாகம் பிரிச்சோம். வீடு, நிலம் எல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. பூட்டுலதான் சண்டை. இது எனக்கு, அது உனக்குன்னு ஒவ்வொரு பூட்டுக்கும் சண்டை. மத்தியஸ்தம் பண்ண வந்த எங்க சித்தப்பாவுக்குக் கோவம் வந்துடுச்சு. 'மூத்தவன் பூட்டை எடுத்துக்கோ, சின்னவன் சாவியை எடுத்துக்கோ, ரெண்டு பேரும் நாசமாப் போங்க'ன்னு கத்திட்டு எழுந்து போயிட்டாரு."

"கோவத்துல சொன்னது..."

"கோவத்துலதான் சொன்னாரு. நாங்க அதையே தீர்ப்பா எடுத்துக்கிட்டோம்."

"அன்னையிலேர்ந்து..."

"அன்னையிலேர்ந்து அவன்கிட்ட இருக்கிறது எதையும் திறக்கிறது இல்லை. என்கிட்ட இருக்கிறது எதுவும் திறக்கிறதும் இல்லை."

வாத்தியாருக்கு அனுதாபப்பட ஆசைதான். மணிக்கட்டு இடம் கொடுக்கவில்லை. "நான் போய் வாங்கிட்டு வந்துடறேங்க" என்று பெட்டியைத் தூக்கினார்.

"தாராளமா போங்க. ஆனா ஒண்ணு கவனிச்சுக்குங்க. அவன் சாவியை எப்படி எடுக்கிறான்? எழுந்து நின்னு கையால எடுக்கிறானா, இல்லை உக்காந்த இடத்துலேர்ந்து கம்பு வெச்சு எடுக்கிறானா?"

"அது எதுக்குங்க?"

"கம்பு வெச்சு எடுத்தா பக்கத்துச் சாவியும் சேந்து வரும். தப்பான சாவியை விட்டுத் திருப்பினா, உங்க கை சார், என் கை இல்லை."

பெட்டியோடு தன் சொத்து வெளியே போகிறதே என்ற கவலை அவர் முகத்தில் துளியும் இல்லை. அதை வாத்தியார் கவனித்தார். நல்ல மனிதர், நம்மை நம்புகிறார் என்று நினைத்துக்கொண்டார்.

சாவி அருங்காட்சியகத்தில் உத்தரத்திலிருந்து தரை வரை சாவிகள் தொங்கின. காற்றடித்தபோது அறை முழுக்க மெல்லிய சிணுங்கல் ஒலி. நடுவில் ஒரு நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தார். அண்ணனின் அதே முகம்; மறுபதிப்பில் கொஞ்சம் கன்னம் சேர்த்திருந்தார்கள்.

"டிக்கெட்" என்றார்.

"நான் பாக்க வரலைங்க. இதைத் திறக்கத்தான்..."

"உள்ள வந்தவங்க எல்லாம் பாக்க வந்தவங்கதான்."

வாத்தியார் இடக்கையால் வலது பக்கச் சட்டைப்பையைத் துழாவி, உடம்பை முறுக்கி, டிக்கெட் வாங்கினார். தம்பி அதன்பிறகுதான் பெட்டியைப் பார்த்தார்.

"எதிர்வீட்டுக்காரர் மாட்டிவிட்டாரா?"

"இல்லைங்க. நானாத்தான் கையை நீட்டினேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் எழவில்லை. நாற்காலியில் சாத்தியிருந்த கொக்கிக் கம்பை எடுத்து, மேல் வரிசையிலிருந்து சாவிகளை ஒவ்வொன்றாகத் தட்டி மடியில் விழ வைத்தார். கம்பு! வாத்தியார் மனத்தில் குறித்துக்கொண்டார். முதல் சாவி துவாரத்துக்குள் போனது, சுற்றியது, திறக்கவில்லை. இரண்டாவதும் போனது, சுற்றியது. எந்தச் சாவியை விட்டாலும் அந்தப் பூட்டு எதிர்ப்பே காட்டவில்லை. வகுப்பில் கடைசி வரிசைப் பையன்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்களே, அந்த மாதிரி.

"பூட்டு நல்லா வழவழன்னு இருக்கே. எண்ணெய் யார் போட்டது? அவரேவா?"

"தெரியலைங்க."

"அவருக்குக் கை நடுங்குதா?"

"கவனிக்கலைங்க."

தம்பி சாவியைக் கீழே வைத்துவிட்டார்.

"கவனிக்கலையா? ஒரு மனுஷன் உங்க கையைப் பிடிச்சுப் பூட்டு மாட்டியிருக்காரு. அவர் கை நடுங்குச்சா இல்லையான்னுகூடக் கவனிக்கலை. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"வாத்தியார்."

"வெளங்கும்."

"அதுக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தங்க?"

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க? நடுங்கற கையால மாட்டினா உள்ள இருக்கிற ஸ்பிரிங் ஒரு பக்கமா சாயும். அதுக்கு ஒரு சாவி. நடுங்காத கையால மாட்டினா நேரா நிக்கும். அதுக்கு வேற சாவி. போய்ப் பாத்துட்டு வாங்க. நேராக் கேக்காதீங்க, மறைச்சுடுவாரு. ஒரு டம்ளர் தண்ணி கேளுங்க. கொண்டு வரும்போது பாருங்க."

வாத்தியார் தெருவைக் கடந்தார். பையில் போன் அதிர்ந்தது. பெட்டியை வாசல்படியில் இறக்கி வைத்து, குனிந்து எடுத்தார்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"பக்கத்துலதான் கண்ணு. ஒரு சின்ன வேலை."

"சீக்கிரம் வாங்க மாமா. உங்க ஆள் எங்கேன்னு அவரோட அம்மா இப்பவே ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. எங்கம்மா ஒரு மூலையில உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டே இருக்காங்க."

"நான் இருக்கேன்ல, கவலைப்படாதே" என்றார் அவர். சொன்னபோது சங்கிலி படியில் உரசிச் சலசலத்தது.

"என்ன மாமா சத்தம்?"

"மியூசியம்."

உள்ளே பெரியவர் அதே கண்ணாடிப் பெட்டியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் தண்ணீர் கேட்டார். பெரியவர் கொண்டுவந்தார். டம்ளரின் விளிம்பில் தண்ணீர் ஆடியது, ஆனால் சிந்தவில்லை. இதை நடுக்கம் என்று எடுத்துக்கொள்வதா, நடையசைவு என்று எடுத்துக்கொள்வதா? பரீட்சைத் தாளில் பாதி சரியான விடைக்கு மதிப்பெண் போடும் போதுகூட அவர் இவ்வளவு திண்டாடியதில்லை.

"எப்படி எடுத்தான்?" என்றார் பெரியவர்.

"கம்பு வெச்சுத்தாங்க."

"நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "சோம்பேறி" என்றார். உள்ளே போய் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே மெத்தை தைத்த குட்டையான முக்காலி.

"இதைக் கொண்டுபோய் அவன் நாற்காலிக்கு முன்னாடி போடுங்க. காலைத் தூக்கி இதுல வெச்சுக்கிட்டாத்தான் பூட்டை மடியில வெச்சு நிதானமா பாக்க முடியும். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. தெருவுல வீசிடுவான், ரோஷக்காரன்."

"காலை மேல வெச்சா பூட்டு எப்படிங்க..."

"வாத்தியாரே, பூட்டைப் பத்தி உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

வாத்தியார் முக்காலியை வாங்கிக்கொண்டார். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் முக்காலி என்று மறுபடியும் தெருவில் இறங்கினார். ஒரு சின்னப் பிரச்சினையைத் தீர்க்கப் புறப்பட்டவர் இப்போது வீடு மாற்றுகிற ஆள்போல இருந்தார். தன்னிடம் ஏதோ ஒரு குறை இருப்பதாக அவருக்குப் பட்டது. வேறொருவராக இருந்தால் இந்நேரம் ஒரு சத்தம் போட்டு வேலையை முடித்திருப்பார். சத்தம் போடுவதை யாரிடமாவது கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

தம்பி முக்காலியைப் பார்த்தார். யாருடையது என்று கேட்கவில்லை. மெத்தையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் வைத்தார். கண்ணை மூடி மூச்சை விட்டார்.

"நடுங்குச்சா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா என்ன கணக்கு? தண்ணி சிந்துற அளவுக்கா?"

"சிந்தலைங்க. ஆடிச்சு."

"சிந்தலை" என்று தம்பி தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். "சரி. அப்ப இந்த வரிசைச் சாவிதான்."

அந்த வரிசைச் சாவிகளும் போயின, சுற்றின, திறக்கவில்லை.

"ம். அப்ப பூட்டு நம்பர் பாத்தாத்தான் ஆகும். பூட்டுக்கு அடியில பொடியா பொறிச்சிருக்கும். நான் படிக்கக் கூடாது, அவர்தான் படிக்கணும், அவர் பூட்டு. போய்ப் படிக்கச் சொல்லுங்க. கண்ணாடி போட்டுப் படிக்கிறாரா, போடாமலே படிக்கிறாரா, பாத்துட்டு வந்து..."

"முடியாதுங்க" என்றார் வாத்தியார்.

சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. தம்பியும் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க குடும்பத்துல ஒரு பொண்ணுக்குக் கல்யாணம். என் கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. உங்க ரெண்டு பேர் நடுவுல நான் தபால்காரன் மாதிரி நடந்துக்கிட்டிருக்கேன். சாவி இருந்தா குடுங்க, இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

"கோவப்படாதீங்க" என்றார் தம்பி, கோபமே இல்லாமல். "கோவப்பட்டா கை வீங்கும். வளையம் இறுகும்."

வாத்தியார் வெளியே வந்தார். அந்தச் சுவரை ஒட்டியே இன்னொரு பலகை தெரிந்தது: பல் மருத்துவக் கருவிகளின் அருங்காட்சியகம். கருவிகள் என்றால் குறடு இருக்கும். குறடு இருந்தால் சங்கிலியை நறுக்கலாம். அவர் முகத்தில் அன்று முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

அங்கே ஓய்வுபெற்ற பல் டாக்டர் அம்மா ஒருவர் இருந்தார். வெள்ளை அங்கியைக் கழற்ற மனமில்லாதவர்.

"வாங்க, வாங்க! டிக்கெட் எடுத்துட்டீங்களா?"

"அம்மா, ஒரு அவசரம். ஒரு குறடு மட்டும்..."

"குறடு நாலாவது அறையில. முதல் அறையிலேர்ந்துதான் வரணும். நடுவுல வந்தா ஒண்ணும் புரியாது."

முதல் அறையில் பல் விளக்கும் குச்சிகள். இரண்டாவது அறையில் மரத்தால் செய்த பல்செட்டுகள், வரிசையாக நின்று சிரித்தன. மூன்றாவதில், காலால் மிதித்துச் சுழற்றுகிற துளைக்கருவியும் சாய்வு நாற்காலியும். "உக்காந்து பாருங்க, யாரும் உக்காரவே மாட்டேங்கறாங்க" என்று அம்மா சொன்னபோது அந்தக் குரலில் இருந்த ஏக்கம் அவரை உட்கார வைத்துவிட்டது. ஒருமுறை மறுத்துவிட்ட தெம்பு அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

"ஆ காட்டுங்க."

"நான் பாக்க வந்த..."

"ஆ."

காட்டினார்.

"அடப்பாவமே, கடைவாயில இவ்வளவு பெரிய ஓட்டையை வெச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிடறீங்க?" கிராம்பு எண்ணெயில் தோய்த்த பஞ்சு உருண்டை ஒன்று உள்ளே அழுந்தி உட்கார்ந்தது. "கடிச்சுக்குங்க. சாயந்திரம் வரைக்கும் எடுக்கக் கூடாது."

அவர் நாற்காலியிலிருந்து வலது கையை உயர்த்தி, பெட்டியைக் காட்டி, நாலாவது அறையையும் காட்டினார். டாக்டர் அம்மாவின் பார்வை பூட்டின் மேல் பட்டது. அப்போதுதான் கவனித்தார் போலிருந்தது. முகம் மாறியது.

"ஓ. அதா. அதை நான் தொட மாட்டேன்."

"ஏம்மா?" பஞ்சுக்கு நடுவில் வார்த்தை ஈரமாக வந்தது.

"இந்தத் தெருவுல யாரும் தொட மாட்டாங்க. அது அவங்க வீட்டு விஷயம். நீங்க அவங்ககிட்டயே போங்க."

இதென்ன ஊர் என்று வாத்தியாருக்கு இருந்தது. இத்தனை வருடப் பகையில் ஒரு தெருவே பயந்து ஒதுங்கியிருக்கிறது! போன் மறுபடியும் அதிர்ந்தது. எடுத்தால் பேச முடியாது. எடுக்காவிட்டால் அங்கே அந்தப் பெண் என்ன நினைப்பாள்? எடுத்தார்.

"மாமா! எங்க பேரைக் கூப்பிட்டுட்டாங்க! வர்றீங்களா, இல்லையா?"

"ம்" என்றார். அந்த ஒன்றைத்தான் பஞ்சு அனுமதித்தது.

இரண்டு பச்சைக் கதவுகளையும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பதிவு அலுவலகம் அதே தெரு முனையில் இருந்தது. படி ஏறும்போது பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்து, அவர் வருவதை முன்கூட்டியே அறிவித்தது. அறைக்குள் இருந்த எல்லோரும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள்.

மணப்பெண் எழுந்தாள். மாமாவைப் பார்த்த நிம்மதி பாதி மலர்ந்து, அவர் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டான், நல்ல பையன்.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இவர்தான் அந்தப் பொறுப்பான ஆளா?"

"எங்க மாமாங்க" என்றாள் பெண்.

"கையில விலங்கு. கன்னம் வேற வீங்கியிருக்கு. நல்லா வாங்கியிருக்காரு. எந்த ஸ்டேஷன்ல இருந்து வர்றாரு?"

"அத்தை, அப்படி எல்லாம் இல்லை. மாமா, சொல்லுங்க மாமா."

பதிவாளர் தலை நரைத்த, அமைதியான மனிதர். தாள்களைச் சரியாக அடுக்கிக்கொண்டிருந்தவர், மூக்குக்கண்ணாடியின் மேல்வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு, "சாட்சி கையெழுத்துப் போடலாம்" என்றார்.

"இருங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "விலங்கோட வர்றவர் போடற சாட்சி செல்லுமா?"

"சாட்சிக்குக் கை இருந்தாப் போதும்மா. கையில என்ன இருக்குன்னு சட்டம் கேக்கலை."

"சட்டம் கேக்காது. நான் கேப்பேன். என் பையனைக் குடுக்கறேன். இது எப்படி மாட்டிச்சுன்னு அவர் வாயால சொல்லட்டும். நம்பற மாதிரி இருந்தா என் பையன் கையெழுத்துப் போடட்டும். இல்லைன்னா நாங்க எழுந்திருக்கறோம்."

பெண் மாமாவைப் பார்த்தாள். அவளுடைய அப்பா போன நாளிலிருந்து எத்தனையோ பேர் அவளையும் அவள் அம்மாவையும் ஏதாவது ஒன்றை நிரூபிக்கச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்பது வாத்தியாருக்குத் தெரியும். இன்றைக்கு அந்தக் கேள்வி அவரிடம் வந்திருக்கிறது. அவர் வாயில் விரலை விட்டுப் பஞ்சை எடுத்தார், கைக்குட்டையில் மடித்தார், தொண்டையைச் செருமினார். வகுப்பில் பாடம் தொடங்குவதுபோல முதலிலிருந்து தொடங்கினார்.

"நேரம் இருந்துதுன்னு மியூசியம் பாக்கப் போனேங்க. பூட்டு மியூசியம். அவர் கையை நீட்டச் சொன்னாரு, நீட்டினேன். சாவி எதிர்வீட்டுல, அவரோட தம்பிகிட்ட இருக்கு. ஏன்னா பாகம் பிரிக்கிறப்ப அண்ணன் பூட்டை எடுத்துக்கிட்டாரு, தம்பி சாவியை எடுத்துக்கிட்டாரு. ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. தம்பி, அண்ணனுக்குக் கை நடுங்குதான்னு பாத்துட்டு வந்தாத்தான் சரியான சாவி எடுக்க முடியும்னாரு. நான் போய்த் தண்ணி குடிச்சேன். அண்ணன் ஒரு முக்காலி குடுத்தாரு. அதைக் கொண்டுபோய்க் குடுத்தேன். திறக்கலை. குறடு கேட்டுப் போன இடத்துல பல்லுல பஞ்சு வெச்சுட்டாங்க. அவ்வளவுதாங்க."

சொல்லச் சொல்லவே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மாணவன் இப்படி ஒரு காரணம் சொல்லியிருந்தால் அவரே பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

மாப்பிள்ளையின் அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"ஆளாளுக்குப் பூட்டையும் சாவியையும் பிரிச்சுக்கிட்டாங்களாம். முகம் பாத்துப் பேசமாட்டாங்களாம், ஆனா கை நடுங்குதான்னு மட்டும் கேப்பாங்களாம். உலகத்துல எங்கேயாவது இப்படி ஒரு குடும்பம் இருக்குமா? பொய் சொல்றதுன்னாலும் கொஞ்சம் பொருத்தமா சொல்லணும். எழுந்திருடா."

மாப்பிள்ளை எழவில்லை. அம்மாவையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். பெண் யாரையும் பார்க்கவில்லை. மேசை மேல் அவளுடைய கையெழுத்து மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது.

"நான் சொன்னது நிஜம்மா" என்றார் வாத்தியார். "என் மேல கோவம்னா என்னை வையுங்க. பொண்ணை விட்டுடாதீங்க."

பதிவாளர் பேனாவை மூடி வைத்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, மேசையைச் சுற்றி வந்தார். வாத்தியாரின் கையை நோயாளியின் நாடி பார்ப்பதுபோலப் பிடித்துத் தூக்கினார். சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆணித்தலையைத் தேடிக் கட்டைவிரலால் அழுத்தினார். வளையம் சத்தமில்லாமல் வாயைத் திறந்தது. பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தி, பழக்கப்பட்ட இடத்தில் வைப்பதுபோல அலமாரியின் மேல் வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார்.

"அவர் சொன்னது அத்தனையும் உண்மைம்மா, ஒண்ணு மட்டும்தான் அவருக்குத் தெரியாது: இந்தப் பூட்டுக்குச் சாவியே கிடையாது, அண்ணனும் தம்பியும் பேசிக்கிறது இப்படித்தான்."